பாட்டி பறித்த காளானும் நாம் பறிக்கும் காளானும்

காட்டுக் காளான் சாப்பிடலாமா, கூடாதா? மழைக்காலம் வந்துவிட்டால் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். "இயற்கையா முளைக்கறதுதானே டாக்டர், கெடுதல் பண்ணுமா?" என்று கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்துக்கொண்டு கேட்பார்கள். சித்த வைத்தியர் என்றால் இயற்கைக்கு வக்காலத்து வாங்குவார் என்று ஒரு நம்பிக்கை! அரளி விதையும் இயற்கைதான், எருக்கம்பாலும் இயற்கைதான் என்பேன். சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு மறுபடியும் காளானுக்கே வருவார்கள்.

வருவதில் தப்பில்லை. அந்த ருசி அப்படி! நான் காளானுக்கு எதிரி அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புற்றுக் காளானின் ருசிக்குப் பக்கத்தில் கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கும் மொட்டுக் காளான் நிற்க முடியாது. ஒன்று கறி, இன்னொன்று வெறும் சக்கை.

புற்றுக் காளான் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் அதன் மேல் மரியாதையே வந்துவிடும். கறையான் நம்மைப் போல ஒரு விவசாயி. காய்ந்த சருகையும் மரத்தையும் தின்று, அந்தக் கழிவைக் கொண்டே மண்ணுக்குள் தேனடை போல ஒரு கூட்டைக் கட்டி, அதில் ஒரு பூஞ்சணத்தைப் பயிர் செய்கிறது. பூஞ்சணம் சருகைப் பக்குவப்படுத்திக் கொடுக்கிறது. கறையான் அதைச் சாப்பிடுகிறது. நல்ல மழை பெய்து மண் நனைந்ததும் அதே பூஞ்சணம் மேலே முட்டிக்கொண்டு வந்து குடை விரிக்கிறது. 'இடி இடித்தால் காளான் வெடிக்கும்' என்பார்கள் கிராமத்தில். நனைந்த மண்தான் காரணம். இடி கூட வருகிற விருந்தாளி. டெர்மிட்டோமைசெஸ் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கும் இந்தக் காளானை, சிப்பிக் காளான் மாதிரி வைக்கோல் பையில் தொங்கவிட்டு நம்மால் வளர்க்க முடியாது. கறையான் வளர்த்தால்தான் உண்டு.

விடிந்தும் விடியாத நேரத்தில், குடை முழுக்க விரிவதற்கு முன்பு போக வேண்டும். வெயில் ஏறினால் புழு வைத்துவிடும், சாயங்காலத்துக்குள் கருத்துப் போகும். ஒரு குச்சியால் சுற்றிலும் மண்ணை நெகிழ்த்தி, நீண்ட வேரோடு எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மேல்தோலைச் சீவி, மஞ்சள் தண்ணீரில் நாலு தடவை அலசினால்தான் மண் போகும். சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், கொஞ்சம் தேங்காய்... அவ்வளவுதான். மசாலாப் பொடி போட்டுக் காளானின் வாசனையைக் கொல்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியாது!

பழந்தமிழில் காளானுக்கு ஆம்பி என்று ஒரு பெயர். சமைக்க வழியில்லாமல் கிடக்கும் அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதாகப் புறநானூற்றில் வறுமையைச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு அதே ஆம்பி அடுப்பின் மேல் ஏறினால் வசதியான வீடு என்று அர்த்தம்.

சத்து விஷயத்தை ரொம்பப் பெரிதுபடுத்த வேண்டாம். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 100 கிராமில் 2 முதல் 4 கிராம் வரை புரதம் இருக்கும். பி வைட்டமின்கள் உண்டு. வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் டி வைட்டமினும் கூடும். கொழுப்பு மிகக் குறைவு. 'சைவர்களின் ஆட்டுக்கறி' என்று விளம்பரம் செய்வதெல்லாம் மிகை. பச்சையாகத் தின்னக் கூடாது, லேசில் செரிக்காது, மந்தம் பண்ணும். மிளகும் சீரகமும் அதற்குத்தான்.

சரி, இனி கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

"எங்க பாட்டி காலத்துல இருந்து சாப்பிடறோம், யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லையே?" என்பார்கள். உண்மைதான். ஆனால் உங்கள் பாட்டிக்குத் தெரிந்தது என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உலகத்தில் உள்ள காளான்களை எல்லாம் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது கிணற்றுமேட்டுப் புற்று. அந்தப் புற்றில் எந்த மாசத்தில், எத்தனையாவது மழைக்கு, எந்தப் பக்கம் முளைக்கும் என்பது தெரியும். அவருடைய அம்மாவும் மாமியாரும் அதே புற்றில் பறித்தவர்கள். பக்கத்து வேலியோரத்தில் அதே வெள்ளை நிறத்தில் ஒன்று முளைத்திருந்தால் 'நாய்க்குடை' என்று காலால் எத்திவிட்டுப் போவார். அவர் அறிவு காளானைப் பற்றிய அறிவு என்பதைவிட அந்த இடத்தைப் பற்றிய அறிவு என்பதுதான் சரி.

பேரனும் பேத்தியும் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ குடிவந்துவிட்டார்கள். வரும்போது பாட்டியின் தைரியத்தைக் கொண்டுவந்தார்கள். புற்று ஊரிலேயே நின்றுவிட்டது! இந்தத் தைரியம்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

அபார்ட்மெண்ட் புல்தரையில், பள்ளிக்கூட மைதானத்தில், எருப் போட்ட தோட்டத்தில், மழை விட்டதும் பெரிய பெரிய வெள்ளைக் குடைகள் முளைக்கின்றன, பார்த்திருப்பீர்கள். குடையின் மேல் பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக இருக்கும். தண்டில் மோதிரம் போட்டது போல ஒரு வளையம் இருக்கும். குளோரோபில்லம் என்று பெயர். முற்றிய பிறகு குடையின் அடிப்பக்கத்து மடிப்புகள் சாம்பல் கலந்த பச்சையாக மாறும். இளசாக இருக்கும்போது அதுவும் வெள்ளைதான். அங்கேதான் ஏமாறுகிறார்கள். சமைத்துச் சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குடலைப் பிடுங்கி வெளியே போடுவது போல வாந்தியும் பேதியும் பிடிக்கும். பெரியவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். சின்னக் குழந்தைகளுக்கு நீர் வற்றிவிட்டால் நிலைமை மோசம்.

இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு உதாரணம். உங்களில் பலருடைய பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இருப்பார்கள். அங்கே ஓக் மரத்தடியில் 'மரணத் தொப்பி' என்று பெயர் வாங்கிய அமானிட்டா முளைக்கிறது. மொட்டாக இருக்கும்போது நம் வைக்கோல் காளான் போலவே, அடியில் பை வைத்து, முட்டை மாதிரி இருக்கும். ஆசிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் நம்மூர்க் காளான் என்று நினைத்துப் பறித்த சம்பவங்கள் பல உண்டு. 2011 டிசம்பர் 31-ம் தேதி இரவு கான்பெராவில் ஒரு சீனச் சமையல்காரர் அப்படிப் பறித்துச் சமைத்தார். அவரும் கூடச் சாப்பிட்டவர்களில் ஒருவரும் அடுத்த சில நாட்களில் இறந்துபோனார்கள். சமையலையே தொழிலாகச் செய்தவர்! பிள்ளைகளிடம் போனில் பேசும்போது இதை ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

நம்ம ஊரில் அமானிட்டா இல்லையா? மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அந்த இனம் உண்டு. கொடைக்கானல், நீலகிரி பைன் தோப்புகளில், வெளிநாட்டு மரங்களோடு வந்து சேர்ந்த, சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்த காளானைப் பார்த்து நீங்களே போட்டோ எடுத்திருப்பீர்கள். அது பார்வைக்கே 'என்னைத் தொடாதே' என்று சொல்லும். பயப்பட வேண்டியது சாதுவாக, வெள்ளையாக, மணமாக இருக்கும் அதன் சொந்தக்காரர்களைப் பார்த்து.

இனி நம் வீட்டுச் சமையலறைப் பரிசோதனைகள். வெள்ளிக் காசைப் போட்டு வேக வைத்தால் விஷக் காளான் என்றால் காசு கருக்கும் என்பார்கள். பூண்டு நிறம் மாறும், சோறு சிவக்கும் என்பார்கள். புழு தின்றிருந்தால் நல்ல காளான் என்பார்கள். அணில் கடித்திருந்தால் சாப்பிடலாம் என்பார்கள். கசந்தால் விஷம், ருசித்தால் நல்லது என்பார்கள். இத்தனையும் தப்பு. ஒன்றுகூடத் தேறாது. புழுவின் குடல் வேறு, நம் குடல் வேறு. மரணத் தொப்பியைத் தின்று உயிர் பிழைத்தவர்களே அது ருசியாகத்தான் இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இன்னொரு பழக்கம். "முதல்ல நான் ஒரு துண்டு தின்னு பாக்கறேன், ஒரு மணி நேரம் கழிச்சு நீங்கள்லாம் சாப்பிடுங்க" என்று வீட்டு அம்மா முன்வருவார். அந்தத் தியாகத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. கொல்லுகிற காளான் ஒரு மணி நேரத்தில் வேலையைக் காட்டாது.

இப்போது செல்போன் வந்துவிட்டது. படம் எடுத்துக் காட்டினால் அதுவே பெயர் சொல்கிறதாம்! காளானை அடையாளம் காண வேர் எப்படி இருக்கிறது, மண்ணுக்குள் பை இருக்கிறதா, குடையைக் கவிழ்த்து வைத்தால் விழும் பொடி என்ன நிறம் என்றெல்லாம் பார்க்க வேண்டும். மேலேயிருந்து எடுத்த ஒரு படத்தில் இதெல்லாம் தெரியுமா? வாட்ஸ்அப்பில் எனக்கே படம் அனுப்பி "சாப்பிடலாமா?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். கூடாது.

எங்கள் வைத்தியத்தைக் காரணம் காட்டியும் சிலர் வாதாடுவார்கள். "சேராங்கொட்டையையும் நேர்வாளத்தையும் சுத்தி செய்து மருந்தா குடுக்கறீங்களே, அந்த மாதிரி காளானையும் புளி, மஞ்சள் போட்டு வேகவச்சா விஷம் முறியாதா?" நல்ல கேள்வி. சித்த மருத்துவக் கல்லூரியில் நஞ்சு நூல் எங்களுக்குத் தனிப் பாடம். அதனால் பதில் சொல்லும் கடமையும் எனக்கு உண்டு. சுத்தி என்பது ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனி முறை. ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குச் செய்ய முடியாது. அமானிட்டாவில் இருக்கும் அமட்டாக்சின் என்ற விஷம் வேக வைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது, காய வைத்தாலும் போகாது, கொதித்த தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் போகாது. 'பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் சாப்பிடலாம்' என்ற பழமொழியைப் பகைவன் வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காட்டுக் காளானுக்கு அது செல்லாது.

அந்த விஷம் செய்யும் சூழ்ச்சியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிடுகிறார்கள். ருசித்துச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். குறைந்தது 6 மணி நேரம், பெரும்பாலும் 8, 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள் வரைகூட ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் வாந்தியும் வயிற்று வலியும் தண்ணீராகப் பேதியும் ஆரம்பிக்கும். நேற்றுச் சாப்பிட்ட காளான் அப்போது யாருக்கும் ஞாபகம் வராது. காலையில் தின்ற இட்லியின் மேல் பழி விழும். ஒரு நாள் இப்படிப் படுத்திவிட்டு, வாந்தி நின்றுவிடும். முகம் தெளியும். கஞ்சி கேட்பார்கள். வீடே நிம்மதிப் பெருமூச்சு விடும். ஆஸ்பத்திரியில் இருந்தால் "போதும், வீட்டுக்குப் போகலாம்" என்று நச்சரிப்பார்கள்.

அந்தத் தெளிவு பொய். வெளியே சாந்தமாக இருக்கும்போது உள்ளே ஈரலின் செல்கள் செத்துக்கொண்டிருக்கும். ஈரல் செல் தனக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்கும் வேலையையே இந்த விஷம் நிறுத்திவிடுகிறது. பித்தநீரோடு குடலுக்கு இறங்கி, குடலிலிருந்து உறிஞ்சப்பட்டு மறுபடியும் ஈரலுக்கே போய்ச் சேர்ந்து, சுற்றிச் சுற்றி அடிக்கிறது. மூன்றாம், நான்காம் நாளில் கண் மஞ்சளாகும். பிதற்றல் வரும். ரத்தம் உறையாமல் கசியும். சிறுநீரகமும் கைவிடும். அதற்குப் பிறகு மாற்று ஈரல் பொருத்தினால்தான் பிழைப்பார் என்ற நிலைமைக்கும் போய்விடலாம்.

கண் மஞ்சளானதும் நம் வீடுகளில் முதலில் ஞாபகம் வருவது கீழாநெல்லி. போன மழைக்காலத்தில் ஒருவர் போன் செய்தார். "காளான் சாப்ட்டு நேத்தெல்லாம் வாந்தி டாக்டர். இப்ப நல்லாயிருக்கா. கீழாநெல்லியை மோர்ல அரைச்சுக் குடுத்தா போதுமா?" என்று கேட்டார். "வேண்டாம், இந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றேன். "நீங்களே இப்படிச் சொல்லலாமா?" என்றார் ஆச்சரியத்தோடு. நான்தான் சொல்ல வேண்டும். கீழாநெல்லியின் மேல் எனக்கு எவ்வளவோ மதிப்பு உண்டு. ஆனால் இது வேறு காமாலை. மணிக்கணக்கில் ஓடுகிற பந்தயம். கஷாயம் காய்ச்சும் நேரத்தில் சலைன் ஏறியிருக்க வேண்டும், கரித்தூள் மருந்து குடலுக்குள் போயிருக்க வேண்டும், ரத்தப் பரிசோதனை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த விஷத்துக்கு ஐரோப்பாவில் ஊசி மூலம் ஏற்றும் சிலிபினின் என்ற மருந்து ஒரு மூலிகையிலிருந்து வந்ததுதான். பால் நெருஞ்சில் என்று சொல்லலாம், அந்த முட்செடியின் விதையில் எடுக்கிறார்கள். நம் கரிசலாங்கண்ணியும் அதே தாவரக் குடும்பம். மூலிகைக்காரனான எனக்கு இதில் பெருமை உண்டு. அதற்காக, கடையில் விற்கும் அந்த மாத்திரையை வாங்கி வீட்டில் விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில், ரத்த நாளத்தில் அளவோடு ஏற்றினால்தான் அது அந்த மருந்து.

2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மழைக்குப் பின் முளைத்ததைப் பறித்துக் குழம்பு வைத்த ஏழைகள். நமக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. நாம் ஆசைக்குப் பறிக்கிறோம். அப்படியென்றால் கூடுதல் ஜாக்கிரதை வேண்டாமா?

காளான் சாப்பிட்டபின் வாந்தி வந்தால் என்ன செய்வது? உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து மேலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதுவே ஆபத்து. பேதியை நிறுத்த மாத்திரை போடாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். சாப்பிட்ட எல்லோரும் போக வேண்டும், 'எனக்கு ஒன்றும் இல்லையே' என்கிறவரும்தான். எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு வாந்தி ஆரம்பித்தது என்பதைக் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சாப்பிட்டு 6 மணி நேரத்துக்குப் பிறகு ஆரம்பித்தது என்றால் பெரிய ஆபத்தின் அறிகுறி. சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது என்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது; ஒரே குழம்பில் இரண்டு வகையும் கலந்திருக்கலாம். மிச்சக் குழம்பையும், சமைக்காத காளான் இருந்தால் அதையும் பேப்பரில் சுற்றி எடுத்துப் போங்கள். குப்பையில் கொட்டியிருந்தால் குப்பையைக் கிளறி எடுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

குழந்தை தோட்டத்தில் காளானைத் தொட்டுவிட்டதே என்று பதறுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். தொட்டால் விஷம் ஏறாது. கையைக் கழுவிவிடுங்கள். வாயில் போட்டால்தான் ஓட வேண்டும்.

காளான் ஆசை அடங்கவே இல்லை என்றால் பால் காளான் வாங்கிச் சாப்பிடுங்கள். 1974-ல் மேற்கு வங்கத்தில் முதலில் விவரித்த காளான் இது. நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் ஏ.பி.கே. 2 என்ற பெயரில் வெளியிட்டது. நம் வெயிலுக்கு நன்றாக வளரும். புற்றுக் காளானுக்கு ஈடாகுமா? ஆகாது. ஆனால் கடிக்கப் பதமாக இருக்கும், ராத்திரி பயமில்லாமல் தூங்கலாம்.

புற்றுக் காளானேதான் வேண்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒரே வழி. பல வருஷமாக அதே புற்றில் பறித்து, அதையே தன் வீட்டிலும் சமைக்கிற ஒருவர் கையால் வாங்குங்கள். முடிந்தால் கூடவே போங்கள். தெரியாத ஆள் ரோட்டோரத்தில் கூறு கட்டி வைத்திருப்பது எந்தக் காட்டில் பறித்ததோ! தார் ரோட்டோரத்திலும் பூச்சிமருந்து அடித்த வயலிலும் முளைத்தது புற்றுக் காளானே ஆனாலும் வேண்டாம்; மண்ணில் உள்ள ஈயத்தையும் காட்மியத்தையும் காளான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சமைக்கும் நாளில் ஒரு முழுக் காளானை வேரோடு பேப்பரில் சுற்றி இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.

ஊரில் பாட்டி இன்னும் நடமாட்டமாக இருந்தால், இந்த மழைக்கு உங்கள் பெண்ணை அவரோடு அனுப்புங்கள். வேரோடு தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் எது எதை எதற்காக ஒதுக்குகிறார் என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். படம்கூட எடுத்துக்கொள்ளலாம். புற்று இருக்கும் இடத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். அடுத்த வருஷம் நீங்கள் போவதற்குள் ஊரே வந்து பறித்துப் போயிருக்கும்!